தேவசாயலுக்கு விலை ஏது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைத் தியானப் பகுதியாகக் கொடுத்திருந்தோம். மனிதன் தேவசாயலாக, அதாவது தேவனுடைய சாயலில், படைக்கப்பட்டதைக் குறித்து வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேறு எந்த வேலையிலும் என் மனம் செல்லவில்லை. ஆகவே அதற்கே முதலிடம், அதற்கே நீண்ட பதில்.

அம்மா, என் மகனுக்குப் பதினொரு வயது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. எங்கள் சபைக் கூடுகையில் பேசிய பிரசங்கியார், "தேவசாயல் என்றால் பகுத்தறிவு. யோசிப்பதும் பேசுவதும் நன்மை தீமை அறிவதும்தான் மனிதனை மிருகத்திலிருந்து பிரிக்கின்றன" என்றார். என் மகன் அப்போது என் மடியில் சாய்ந்திருந்தான். அவனுக்குக் கூட்டல் கணக்கு வராது. நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது. அவனிடம் தேவசாயல் குறைவாக இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

இல்லை, மகளே. ஒரு துளியும் குறையவில்லை.

பிரசங்கியார் இந்தக் கருத்தைத் தாமாகக் கற்பனை செய்துவிடவில்லை. ஹிப்போ நகரப் பேராயர் அகஸ்டின், மனிதனின் நினைவு, அறிவு, சித்தம் ஆகியவற்றில் தேவசாயலைத் தேடினார். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதை அறிவாற்றலில் கண்டார். பெரிய மேதைகள், அவர்களிடம் நானும் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் வேதப் புத்தகத்தைத் திறந்து ஆதியாகமம் 1:26 முதல் 31 வரை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பகுத்தறிவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார், அவனைத் தேவசாயலாகவே சிருஷ்டித்தார், ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்று இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே தேவன் அவர்களோடு பேசுகிறார், அவர்களை ஆசீர்வதிக்கிறார். மனிதன் அதுவரை எதையும் சாதித்துக் காட்டவில்லை. மிருகங்களுக்குப் பெயர் வைக்கவில்லை, தோட்டத்தில் ஒரு செடி நடவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாகக்கூட இல்லை. ஆசீர்வாதம் அதற்கெல்லாம் முந்திக்கொண்டது.

அப்படியே 5-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஆதாம் "தன் சாயலாகத் தன் ரூபத்தின்படியே ஒரு குமாரனைப் பெற்று, அவனுக்குச் சேத் என்று பேரிட்டான்." முதல் அதிகாரத்தில் தேவனைப் பற்றிச் சொன்ன அதே சாயல், அதே ரூபம், இங்கே தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே வருகிறது. சேத் எப்போது ஆதாமின் சாயலானான்? நடக்கப் பழகியபோதா, பேசக் கற்றபோதா? பிறந்தபோதே. பிள்ளை என்பதால் சாயல். வேதம் காட்டும் உறவு இதுதான். இதை எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது.

நான் இறையியல் படிப்பதற்கு முன்பு ஒரு மிஷன் மருத்துவமனையில் பிரசவ அறைத் தாதியாக இருந்தவள். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளை இந்தக் கைகளில் ஏந்தியிருக்கிறேன். தூக்கியதும் உடம்பு துவண்டு உள்ளங்கையில் வழியும். கண்ணின் ஓரம் சற்று மேல்நோக்கி ஏறியிருக்கும். உள்ளங்கையின் குறுக்கே சிலருக்கு ஒரே ரேகை ஓடும். மார்பில் வைத்தால் சப்பிக் குடிக்கப் பலம் இருக்காது. பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் ஊற்றி, கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைப் பாலைக் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். நீங்களும் அப்படித்தான் வளர்த்திருப்பீர்கள். வார்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். இனிப்பு வாங்கி வந்த மாமனார் அதைப் பிரிக்காமலே வைத்திருப்பார். அந்தத் தாய்மாருக்கு அப்போது நான் சொல்லத் தவித்ததைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்: ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் ஆசீர்வாதம் இந்தக் குழந்தைக்கும் முழுமையாகச் சொல்லப்பட்டதுதான்.

சாயலைத் திறமையோடு கட்டிவைத்தால் என்ன நடக்கும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1939-க்கும் 1941-க்கும் இடையில் ஜெர்மனியின் நாஜி அரசு, மனவளர்ச்சி குன்றியவர்களையும் மனநோயாளிகளையும் "வாழத் தகுதியற்றவர்கள்" என்று வகைப்படுத்தி, 70,000-க்கும் மேற்பட்டோரை விஷவாயுவால் கொன்றது. 1941 ஆகஸ்ட் 3 அன்று மூன்ஸ்டர் நகரப் பேராயர் வான் காலன் பிரசங்கபீடத்தில் நின்று அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பயனில்லாத மனிதனைக் கொல்லலாம் என்று ஏற்றுக்கொண்டால், நாம் முதுமையடையும்போது நம் கதி என்ன என்று கேட்டார். அதே மாதத்தில் விஷவாயுக் கூடங்களை நிறுத்த உத்தரவு வந்தது. கொலைகள் வேறு வழிகளில் மறைவாகத் தொடர்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் மகனுக்கு 21-வது குரோமோசோமில் ஒன்று கூடுதலாக இருக்கும். 1959-ல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜெரோம் லெஜூன் ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. அந்தக் கண்டுபிடிப்பே இத்தகைய குழந்தைகளைப் பிறக்கவிடாமல் செய்யப் பயன்பட்டபோது, கடைசிவரை அதை எதிர்த்துப் பேசினார்.

உங்கள் ஆயரிடம் போய் நேராகக் கேளுங்கள்: என் மகனுக்குத் திடப்படுத்தல் எப்போது? நற்கருணை எப்போது? அப்பத்துக்குக் கை நீட்ட அவனுக்குத் தெரியும் அல்லவா? அடுத்த கூடுகையில் முன்வரிசையிலேயே உட்காருங்கள்.

நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதன் கடைசியில் படைக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்தில் செடி முளைக்கும் முன்பே படைக்கப்படுகிறான். எது உண்மை? பரிணாமத்தை நம்பினால் நான் விசுவாசி இல்லையா?
– ஒரு மாணவர், பாளையங்கோட்டை

கூர்ந்து வாசித்திருக்கிறீர்கள் தம்பி. நீங்கள் கண்ட இந்த வேறுபாட்டை, அதிகாரங்கள் இரண்டையும் அருகருகே வைத்தவர்களும் கண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில்லாதவர்கள் அல்லர். இருந்தும் ஒன்றை அழித்து மற்றொன்றோடு இணைக்காமல், இரண்டையும் அப்படியே நம் கையில் தந்திருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலைப் பதிவு செய்வது அவர்கள் நோக்கமாக இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள்.

அவர்கள் எதற்குப் பதில் சொன்னார்கள் என்பதைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கி.மு. 586-ல் எருசலேம் விழுந்தது; யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். முதல் அதிகாரம் அந்தக் காலத்தையொட்டியே இன்றைய வடிவம் பெற்றது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பாபிலோனியரிடம் வேறு படைப்புக் கதைகள் இருந்தன. 19-ம் நூற்றாண்டில் நினிவேயின் இடிபாடுகளிலிருந்து அவற்றின் களிமண் பலகைகள் கிடைத்தன. ஒரு கதையில், ஆறுகளையும் கால்வாய்களையும் வெட்டிவெட்டிச் சலித்துப்போன சிறு தெய்வங்கள் கலகம் செய்கின்றன. அவற்றின் வேலையைச் சுமப்பதற்காக, கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்தையும் மாம்சத்தையும் களிமண்ணில் குழைத்து மனிதன் செய்யப்படுகிறான். இன்னொரு கதையில், தோற்ற தெய்வத்தின் இரத்தத்திலிருந்து மனிதன் வருகிறான். அங்கும் அவனுக்கு விதிக்கப்பட்டது தெய்வங்களின் வேலை. மனிதன் அடிமையாகவே பிறக்கிறான். அந்த நாடுகளில் தெய்வத்தின் சாயல் என்ற பெருமை யாருக்கு? அசீரியாவில் ராஜாவுக்கு, எகிப்தில் பார்வோனுக்கு. மண் சுமக்கிறவனுக்கு இல்லை.

கேபார் நதியண்டையில் சிறையிருந்த யூதர்களை எசேக்கியேல் தீர்க்கதரிசி நமக்குக் காட்டுகிறார். அந்தக் கேபார், ஆற்றிலிருந்து வெட்டி இழுத்த ஒரு கால்வாய். அதன் கரையில், தோற்றுப்போன ஒரு சிறு ஜனம் உட்கார்ந்து சொல்கிறது: ராஜா மட்டுமல்ல, மனிதர் எல்லோரும் தேவசாயல், ஆணும் பெண்ணும். எங்கள் தேவன் எங்களிடம் சோறு கேட்கவில்லை, அவரே மனிதனுக்கு ஆகாரம் தருகிறார் (1:29). வேலை வாங்கிக்கொண்டே இருக்கவில்லை, ஏழாம் நாளில் ஓய்வு வைக்கிறார். இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த அதிகாரத்தை நேரம் காட்டும் கடிகாரமாக வாசித்தால் இந்தத் துணிச்சல் நம் கண்ணில் படாமலே போய்விடும். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-ல் வம்ச அட்டவணைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்றார். பின்னாளில் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சிட்டதால், அதுவும் வேத வாக்கியம் என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஆனால் டார்வினுக்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 3-ம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் வேத அறிஞர் ஒரிகன் கேட்டார்: சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி? விஞ்ஞானத்துக்குப் பயந்து அவர் இதைக் கேட்கவில்லை. வேதத்தைக் கவனமாக வாசித்ததால் கேட்டார். இயற்கையைப் பற்றி அறிந்தவர்கள் முன் கிறிஸ்தவன் அறியாமையோடு பேசி, வேதத்தை நகைப்புக்கு ஆளாக்கக் கூடாது என்று அகஸ்டினும் எச்சரித்தார். டார்வினோடு நெருங்கிக் கடிதம் எழுதிவந்த அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே, ஆலயம் தவறாத கிறிஸ்தவர்.

ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்று நம்பும் விசுவாசிகள் நம் சபைகளில் ஏராளம். என் தாயாரும் அப்படியே நம்பி மரித்தார். அவர்களைக் குறைவாக எண்ணாதீர்கள். அவர்கள் உங்களை அவிசுவாசி என்றால் அதையும் ஏற்காதீர்கள். மனித உடல் எந்த வழியாக, எத்தனை காலத்தில் உருவானது என்று விலங்கியல் சொல்லட்டும். நன்றாகப் படியுங்கள், முதல் மதிப்பெண் வாங்குங்கள். அந்த மனிதனை நான் எப்படி நடத்த வேண்டும் என்பதை ஆதியாகமத்திடம் கேட்டுக்கொள்கிறேன்.

சரீரம் வெறும் மண், ஆத்துமாதான் முக்கியம் என்று எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறார்கள். அப்படியானால் தேவன் ஏன் சரீரத்தைத் தந்தார்?
– ஒரு வாசகி, சாயர்புரம்

"வெறும்" மண் என்று வேதம் எங்கே சொல்கிறது? "தேவனாகிய கர்த்தர் மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி, ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார், மனுஷன் ஜீவாத்துமாவானான்" (2:7). மண்ணும் சுவாசமும் சேர்ந்த முழு மனிதனைத்தான் இந்த வசனம் ஜீவாத்துமா என்கிறது. சரீரத்துக்குள் ஓர் ஆத்துமா அடைபட்டிருப்பதாக இங்கே இல்லை.

ரோமாபுரியின் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கலாஞ்சலோ 1512-ல் முடித்த ஓவியத்தை நீங்கள் நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தேவனுடைய விரல் நீள்கிறது, ஆதாமின் விரல் நீள்கிறது, நடுவில் ஒரு நூலிழை இடைவெளி. மகத்தான ஓவியம். ஆனால் வேதம் சொல்வது இதைவிட நெருக்கமானது. நாசியில் ஊத வேண்டுமானால் முகத்தோடு முகம் வைக்க வேண்டும்.

அழாமல் பிறக்கும் குழந்தையைப் பிரசவ அறையில் பார்த்தவர்களுக்கு இந்த வசனம் வேறு விதமாகக் கேட்கும். குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கும். சூடான துணியால் துடைப்போம், முதுகைத் தேய்ப்போம், உள்ளங்காலைச் சுண்டுவோம். அப்போதும் மூச்சு வராவிட்டால் தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கையும் வாயையும் மூடும் சிறிய மாஸ்க்கை வைத்து, பையை அழுத்திக் காற்றைச் செலுத்துவோம். எல்லாம் முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கண் கடிகாரத்தில் இருக்காது. அந்தச் சின்ன மார்பில்தான் இருக்கும். அது மேலே எழும். மறுபடி எழும். பிறகு நம் கையின் உதவியில்லாமல் தானாக ஒருமுறை எழும். நெஞ்சிலிருந்து நிறம் மாறிக்கொண்டே வரும்.

சரீரத்தை இழிவுபடுத்தும் போதனை புதிதல்ல. 2-ம் நூற்றாண்டில் ஞானவாதிகள் என்ற பிரிவினர், பொருளுலகம் கீழான ஒரு தெய்வத்தின் வேலை என்றார்கள். லியோன் நகரப் பேராயர் இரேனியஸ் அவர்களை எதிர்த்து, மண்ணைத் தொட்டு மனிதனை உருவாக்கியது பிதாவின் சொந்தக் கரங்களே, அந்தக் கரங்கள் குமாரனும் ஆவியானவருமே என்று எழுதினார். மண் இழிவானால் வார்த்தையானவராகிய கிறிஸ்து மாம்சமாகியிருப்பாரா? சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் வாரந்தோறும் அறிக்கையிடுகிறோமே, அதற்கு என்ன அர்த்தம்? வயிற்றுவலியோடு வருகிறவருக்கு ஜெபத்தோடு சேர்த்து டாக்டரிடம் போக பஸ் கட்டணமும் கொடுக்கும் சபைதான் இந்த வசனத்தைச் சரியாக வாசித்த சபை.

என் மகள் உடன் வேலை செய்யும் ஒருவரை விரும்புகிறாள். நல்ல விசுவாசி, சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவர். ஆனால் எங்கள் சாதி இல்லை. உறவினரான மூப்பர் ஒருவர், "தேவனே எல்லாவற்றையும் அதனதன் ஜாதியின்படியே படைத்தார், ஆதியாகமத்தில் இருக்கிறது" என்று வேதத்தைத் திறந்து காட்டினார். எனக்குப் பதில் தெரியவில்லை.
– ஒரு தகப்பன், தூத்துக்குடி மாவட்டம்

பதில் அவர் திறந்து காட்டிய பக்கத்திலேயே இருக்கிறது ஐயா. அவர் இரண்டு வசனம் முன்னதாக நிறுத்திவிட்டார்.

அந்த அதிகாரத்தை விரலை வைத்துக்கொண்டு வாசியுங்கள். புல்லும் பூண்டும் கனிமரமும் தங்கள் தங்கள் ஜாதியின்படியே. கடல் பிராணிகளும் பறவைகளும் ஜாதிஜாதியாக. நாட்டு மிருகமும் காட்டு மிருகமும் ஊரும் பிராணியும் ஜாதிஜாதியாக. 25-ம் வசனத்தோடு அது முடிகிறது. 26-ல் மனிதன் வருகிறான். அங்கே அந்தச் சொல் இல்லை. மரத்துக்கும் மீனுக்கும் மாட்டுக்கும் மறுபடி மறுபடி சொன்னதை மனிதனுக்கு ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மனிதனைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: தேவசாயல். அத்தேனே பட்டணத்தில் நின்று பவுல், "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று பேசியதை உங்கள் உறவினருக்கு வாசித்துக் காட்டுங்கள் (அப்போஸ்தலர் 17:26).

4-ம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள நிசா என்ற ஊரின் பேராயர் கிரெகொரி, பழைய ஏற்பாட்டின் பிரசங்கி புத்தகத்தை வரிசையாகப் போதித்துவந்தார். வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் சம்பாதித்தேன் என்று பிரசங்கி பெருமைப்படும் இடம் வந்தது. அடிமை வைத்திருப்பது மூச்சு விடுவதுபோல் இயல்பாக இருந்த காலம். ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே அடிமைகளை வைத்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் வசனத்தைத் தாண்டிப் போகவில்லை. எவ்வளவு கொடுத்து வாங்கினாய் என்று கேட்டார். தேவசாயலுக்கு எத்தனை காசு எண்ணினாய்? பூமி முழுவதையும் ஆளப் படைக்கப்பட்டவனை விற்கிறவன் யார், வாங்குகிறவன் யார்? அடிமை முறையையே அடியோடு மறுத்து அந்தப் பழங்காலத்தில் எழுந்த குரல்களில் இதற்கு இணையாக நான் வேறொன்றைக் கண்டதில்லை.

நம் கதை அவ்வளவு பெருமையானதாக இல்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளுக்குள் சாதி வேற்றுமையை உடனே முற்றிலும் கைவிட வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டு வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுக்கச் சம்மதிக்காதவர்கள்! கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. மண்ணுக்குத் திரும்புகிறவர்களுக்கு மண்ணிலும் பிரிவினை. "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று தொடங்கும் மணமகன் தேவை விளம்பரம் அடுத்த வரியில் சாதியின் பெயரில் வந்து நிற்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

உங்கள் மகள் நல்ல விசுவாசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர் பேசுவார்கள், சிலர் கலியாணத்துக்கு வராமலும் போவார்கள். அந்த வலி எனக்குத் தெரியாமல் இல்லை. பையனின் பெற்றோரைப் போய்ப் பாருங்கள், அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள், சபையில் திருமண அறிவிப்பாக ஓலை வாசிக்க ஆயரிடம் கொடுங்கள்.

பாவத்தினால் தேவசாயல் அழிந்துவிட்டது, மறுபடியும் பிறந்தவர்களுக்கு மட்டுமே அது உண்டு என்கிறார்கள். அப்படியானால் விசுவாசியாத என் பக்கத்து வீட்டாருக்கு?
– ஒரு வாசகர், மதுரை

உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு, அதாவது பாவம் உலகத்தில் வேண்டியமட்டும் பெருகிய பிறகு, தேவன் நோவாவிடம் கொலையைத் தடுத்துப் பேசும்போது சொல்லும் காரணமே "மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டபடியால்" என்பதுதான் (9:6). யாக்கோபு தன் நிருபத்தில், பிதாவைத் துதிக்கும் அதே நாவினால் தேவசாயலின்படி உண்டாக்கப்பட்ட மனுஷரைச் சபிக்கிறோமே என்று வருந்துகிறார் (3:9). சபையார் மட்டும் என்று அவர் எல்லை போடவில்லை.

சாயல் மங்கியிருக்கிறது என்பது உண்மை. அதைப் பற்றி 4-ம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் பேராயர் அத்தனாசியு சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மரப்பலகையில் வரைந்த உருவப்படம் அழுக்கேறி அழிந்துபோனால், பலகையைத் தூக்கி எறிவதில்லை. யாருடைய படமோ அவரே மறுபடி வந்து உட்கார வேண்டும், அப்போது அதே பலகையில் படம் புதுப்பிக்கப்படும். கிறிஸ்து வந்தது அதற்காகவே என்றார். "அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம்" என்று பவுல் கிறிஸ்துவை அழைப்பதும் இதைத்தான் காட்டுகிறது (கொலோசெயர் 1:15). உங்கள் பக்கத்து வீட்டார் இந்துவோ இஸ்லாமியரோ, அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள்.

திருமண ஆராதனையில் ஆயர், பெண் இரண்டாவதாக விலா எலும்பிலிருந்து வந்தவள், ஆகையால் அடங்கியிருக்க வேண்டும் என்றார். ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்பதும் உண்மையா?
– ஒரு புதுமணப்பெண், திருச்சி

ஆணுக்கும் பெண்ணுக்கும் பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள். எண்ணிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். உடற்கூறு வகுப்பில் எங்களுக்கு முதலில் கொடுத்த வேலையே அதுதான்.

பின்னால் படைக்கப்பட்டவர் அடங்க வேண்டும் என்றால், முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு முன்னால் படைக்கப்பட்ட மாட்டுக்கு மனிதன் அடங்க வேண்டும். "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்ற வார்த்தை படைப்பில் வரவில்லை. பாவத்துக்குப் பிறகு 3-ம் அதிகாரத்தில், முள்ளோடும் குருக்கோடும் வேர்வையோடும் சேர்ந்து வருகிறது. முள்ளைப் பிடுங்கக் கூடாது என்று எந்த ஆயரும் விவசாயிக்குப் போதிப்பதில்லையே. விவாகரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இயேசு பதில் சொன்னபோதும் 3-ம் அதிகாரத்துக்குப் போகவில்லை. முதல் இரண்டுக்கும் போனார் (மத்தேயு 19).

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. "புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்" என்கிறது 2:24. விட்டு வருகிறவன் ஆண். நம் வீடுகளில் எல்லாவற்றையும் விட்டு வருகிறவள் யார்? எத்தனையோ திருமணப் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையைப் பார்த்து இந்த வசனத்தை அழுத்திச் சொன்ன பிரசங்கியாரை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"பூமியைக் கீழ்ப்படுத்துங்கள்" என்று தேவனே சொல்லியிருக்க, மணல் அள்ளுவதும் மரம் வெட்டுவதும் பாவமா?
– ஒரு வாசகர், ஸ்ரீவைகுண்டம்

அதே மனிதனைத் தோட்டத்தில் கொண்டுவந்து, "பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார் என்பது 2:15. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அந்தக் கட்டளைக்கு அடுத்தபடியாக மனிதனுக்குக் கொடுத்த ஆகாரம்கூட விதையும் கனியும்தான். மாம்சம் உண்ண அனுமதி வெள்ளத்துக்குப் பின்னரே வருகிறது. தாமிரபரணிக் கரையில் இருக்கிறீர்கள். படுகை பள்ளமானால் கிணற்று நீர் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளுகை மிருகஜீவன்கள்மீது கொடுக்கப்பட்டதே தவிர, மனிதன் மனிதனை ஆள அல்ல என்று அகஸ்டின் எழுதினார். மணல் லாரிக்காரனை எதிர்த்துப் பேசியவனை அடிக்க ஆள் அனுப்புகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் படைப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

முதலில் அலமாரியில் இருக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் தோலும் பொன்னிறக் கூந்தலுமாக ஆதாமும் ஏவாளும் இருந்தால் அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். கறுத்த பிள்ளை ஒன்று அந்தப் படத்தைப் பார்த்து, தேவசாயல் தனக்கு இல்லை என்று வாய் திறக்காமலே கற்றுக்கொண்டுவிடும். பிறகு எத்தனை பிரசங்கம் கேட்டாலும் அதை அழிக்க முடியாது. களிமண் கொடுத்துப் பிசையச் சொல்லுங்கள், உடை அழுக்காவதைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1:27-ஐயும் 1:31-ஐயும் மனப்பாடமாக்குங்கள். வேகமாகச் சொல்லும் பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுக்காதீர்கள். திக்கித் திக்கிச் சொல்லும் பிள்ளை முடிக்கும்வரை வகுப்பு காத்திருக்கட்டும். பாம்பின் கதைக்கு அடுத்த வாரமே தாவிவிட வேண்டாம். ஒரு மாதமாவது இந்த இரண்டு அதிகாரங்களிலேயே இருங்கள்.